நூறு என்னும் சொல்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றிகூறல் ஒன்றுகூடலில், மலர்க் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நன்றிகூறல் ஒன்றுகூடலில் வேதாகமத்திலிருந்து ஒரு சிறு சிந்தனையைச் சொல்லும்படி மலர்க் குழுவினராகிய எங்களைக் கேட்டிருந்தார்கள். பேசுவது ஒரு குரலாக இருந்தாலும் இதனை எழுதியது குழு முழுவதும் சேர்ந்துதான். எதைப் பற்றிப் பேசலாம் என்று யோசித்தபோது, சில மாதங்களாக எங்கள் காதுகளில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு சொல்தான் முன்னே வந்து நின்றது. நூற்றாண்டுப் பதாகை, நூற்றாண்டு நடைபவனி, நூறு மரக்கன்றுகள், நூறு விளக்குகள் என்று எதைத் தொட்டாலும் நூறு. அப்படியானால் புதிய ஏற்பாடு இந்த நூறு என்ற சொல்லை எங்கே, எதற்காகப் பயன்படுத்துகிறது என்று தேடிப் பார்ப்போமே என்று தொடங்கினோம்.

இது பிரசங்கம் அல்ல. இந்த மண்டபத்தில் சைவப் பிள்ளைகளாகவும் முஸ்லிம் பிள்ளைகளாகவும் பௌத்தப் பிள்ளைகளாகவும் எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஒரு சொல்லின் கதையாக இதனைக் கேளுங்கள். முடிவில் உங்களிடம் ஒரு காரியம் கேட்கப் போகிறோம். அது எல்லோருக்கும் பொதுவானது.

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. படித்தவர்களின் அலங்காரக் கிரேக்கம் அல்ல, சந்தையிலும் துறைமுகத்திலும் மக்கள் பேசிய சாதாரணக் கிரேக்கம். அதில் நூறு என்பதற்கு 'ஹெக்கத்தோன்' என்று சொல்வார்கள். கேள்விப்படாத சொல் போலத் தோன்றும். ஆனால் அது எப்போதோ எங்கள் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. தேயிலைக் காணியை முன்பு ஏக்கரில் சொன்னோம், இப்போது ஹெக்டெயரில் சொல்கிறோம். அந்த 'ஹெக்' ஹெக்கத்தோனின் தலைப்பகுதிதான். நூறு 'ஆர்' சேர்ந்தால் ஒரு ஹெக்டெயர்.

இந்தச் சொல்லுக்கு உறவினரும் உண்டு. இலத்தீனில் 'கெந்தும்', வடமொழியில் 'சதம்'. மூன்றும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. 1872ஆம் ஆண்டில் இலங்கை ரூபாய் நூறாகப் பிரிக்கப்பட்டபோது அதன் ஒரு பங்குக்கு ஆங்கிலத்தில் இலத்தீன் வழிவந்த பெயர். எங்கள் தமிழில் அதே காசு 'சதம்'. கண்டிக் கடைத்தெருவில் சிங்களத்தில் நூறு என்று சொல்ல 'சியய' என்கிறோம். அதுவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். எங்கள் 'நூறு' மட்டும் வேறு குடும்பம், திராவிடக் குடும்பம்.

ஹெக்கத்தோன் என்ற சொல்லில் ஒரு சிறு அதிசயம் உண்டு. கிரேக்கத்தில் ஒன்று என்பதற்கு 'ஹென்' என்று பெயர். ஹெக்கத்தோனின் தொடக்கத்திலுள்ள 'ஹெ' என்பது அந்த ஒன்றின் மிச்சம் என்று மொழி வரலாறு ஆராய்ந்தோர் விளக்குகிறார்கள். அதாவது, அந்தச் சொல்லின் பழைய பொருள் 'ஒரு நூறு' என்பதாகும். சிங்களத்தில் நூற்றைம்பதை 'எகசிய பனஹ' என்று சொல்லும்போது முன்னால் ஒரு 'எக' நிற்கிறதல்லவா, அதுபோலத்தான். நூறு என்ற சொல்லுக்குள் ஒன்று ஒளிந்திருக்கிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவோம்.

இனி, இந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று பார்ப்போம்.

முதலாவது, விளைச்சலின் நூறு. விதைப்பவனின் உவமையை நாம் எல்லோரும் சிறுவயதில் நடித்திருக்கிறோம். ஒருத்தி முள், ஒருத்தி பாறை, ஒருத்தி பறவை. நல்ல நிலத்தில் விழுந்த விதை நூறும் அறுபதும் முப்பதுமாகப் பலன் தந்தது என்று மத்தேயு 13ஆம் அதிகாரம் சொல்கிறது. மாற்கு 4ஆம் அதிகாரம் அதையே முப்பது, அறுபது, நூறு என்று கீழிருந்து மேலே ஏற்றிச் சொல்கிறது. லூக்கா 8ஆம் அதிகாரத்தில் நூறு மட்டுமே உண்டு. மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னாலும் நாம் கவனிக்கத் தவறும் ஒரு விடயம் இருக்கிறது. முப்பது விளைந்த நிலத்தையும் நல்ல நிலம் என்றுதான் மத்தேயுவும் மாற்கும் சொல்கிறார்கள். முப்பதுக்கு முப்பத்தைந்து புள்ளியும் இல்லை என்று அந்த நிலத்தைச் சித்தியடையாத பட்டியலில் எவரும் சேர்க்கவில்லை. பரிசளிப்பு விழாக்களில் வளர்ந்த எங்களுக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டிய செய்தி.

இரண்டாவது, கடனின் நூறு. இதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஒரு ராஜாவின் வேலைக்காரன் வருகிறான். அவனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன். ராஜா அதனை முழுவதுமாக மன்னித்துவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் கொடுக்க வேண்டிய உடன்வேலைக்காரன் ஒருவனைக் கண்டு, அவன் கழுத்தைப் பிடிக்கிறான். கிரேக்கத்தில் அந்தப் பணம் தெனாரி. ஒரு தெனாரி என்பது ஒரு கூலியாளின் ஒரு நாட் சம்பளம் என்பது அதே மத்தேயு 20ஆம் அதிகாரத்திலிருந்து தெரியும். எனவே நூறு தெனாரி ஒன்றும் இல்லாத தொகை அல்ல, நூறு நாள் உழைப்பு. அதைக் கேட்பவனிடம் நியாயமும் இருந்தது. ஆனால் ஒரு தாலந்து என்பது ஆறாயிரம் தெனாரி. பதினாயிரம் தாலந்து ஆறு கோடி தெனாரி. எங்கள் கணித டீச்சர் இருந்தால் உடனே வகுத்துப் பார்க்கச் சொல்லியிருப்பார். அவனுக்கு மன்னிக்கப்பட்டது அவன் மன்னிக்க மறுத்ததைப் போல ஆறு இலட்சம் மடங்கு.

பழைய மாணவிகள் சங்கம் என்றால் அதிலும் இந்த நூறு தெனாரிக் கடன்கள் இல்லாமல் போகாது. எந்த ஆண்டுக் கூட்டத்திலோ யார் யாரை எதிர்த்து வாக்களித்தார் என்பதற்காக இன்றும் ஒரே மண்டபத்தில் முகம் பாராமல் இருக்கும் தோழிகளை எங்களுக்குத் தெரியும். அவர்களும் சிரிப்பதைப் பார்க்கிறோம். நூறு நாள் கோபத்திற்கு நியாயம் இருக்கலாம். நூறு வருடம் அதைச் சுமந்து போக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, அதிகாரத்தின் நூறு. உரோமைப் படையில் 'ஹெக்கத்தோன்' என்ற சொல்லோடு தலைவன் என்ற சொல்லும் சேர்ந்து ஒரு பதவிப் பெயர் உண்டு. அதைத்தான் தமிழ் வேதாகமம் நூற்றுக்கு அதிபதி என்கிறது. மத்தேயுவும் லூக்காவும் கிரேக்கப் பெயரைச் சொல்ல, மாற்கு மட்டும் இலத்தீன் பெயரையே கிரேக்க எழுத்தில் எழுதிவைக்கிறார். எங்கள் பாட்டிமார் 'சுப்பிரிண்டன்' என்று கேட்ட சொல்லைக் கேட்டபடி சொன்னதுபோல.

இங்கே இரண்டு விடயங்கள் எங்களை நிறுத்தின. ஒன்று, நூறு என்ற பெயர் இருந்தாலும் பேரரசுக் காலத்தில் அந்தப் பிரிவில் வழக்கமாக இருந்தவர்கள் ஏறத்தாழ எண்பது பேர்தான். பெயர் நூறு, வரிசையில் நிற்பது எண்பது. பழகிப்போனதால் எவருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை.

மற்றது, வேதாகமத்தில் வரும் இந்த அதிபதிகளின் நடத்தை. கப்பர்நகூமில் இருந்த அதிபதி வருவது தன் படைக்காக அல்ல, நோயில் கிடக்கும் தன் ஒரேயொரு வேலைக்காரனுக்காக. அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தில் கப்பல் உடைகிறது. கைதிகள் நீந்தித் தப்பிவிடுவார்கள் என்று போர்ச்சேவகர் அவர்களைக் கொல்ல நினைக்கிறார்கள். யூலியு என்ற அதிபதி பவுல் என்ற ஒரு கைதியைக் காப்பாற்ற விரும்பி அதைத் தடுக்கிறார். அந்த ஒருவருக்காகத் தடுத்ததில் மற்றக் கைதிகளும் பிழைத்துக்கொள்கிறார்கள். நூறு பேருக்குத் தலைமை தாங்குவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நான்காவது, எல்லோருக்கும் தெரிந்த நூறு, ஆடுகளின் நூறு. ஒருவனுக்கு நூறு ஆடுகள், அதில் ஒன்று காணாமற்போகிறது. தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அவன் அந்த ஒன்றைத் தேடிப்போகிறான். லூக்கா 15ஆம் அதிகாரத்தில் அவன் அவற்றை விட்டுப்போகும் இடம் வனாந்தரம். மத்தேயு 18ஆம் அதிகாரத்திலோ அது மலை. ஹந்தானையையும் நக்கிள்ஸையும் பார்த்துக்கொண்டே வளர்ந்த எங்களுக்கு மத்தேயுவின் மலைதான் நெருக்கமானது. பனி இறங்கிய பின் மலையில் எதையாவது தேடியவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. லூக்காவில் மேய்ப்பன் கண்டுபிடிக்கும்வரை தேடுகிறான். மத்தேயுவில் 'கண்டுபிடித்தால்' என்று ஒரு 'ஆல்' நிற்கிறது. கண்டுபிடிக்காமலும் போகலாம். தேடுவது அதனால் நின்றுவிடுவதில்லை.

மேய்ப்பனுக்கு ஒன்று குறைகிறது என்று எப்படித் தெரிந்தது? அவன் எண்ணினான். தொண்ணூற்றொன்பது ஆடுகளும் நூறு ஆடுகளும் கண்ணுக்கு ஒரேமாதிரித்தான் இருக்கும். ஒவ்வொரு மாலையும் எண்ணுகிறவனுக்குத்தான் ஒன்று இல்லாமற் போனது தெரியும். பரீட்சையில் தொண்ணூற்றொன்பது புள்ளி எடுத்தால் வீட்டில் கேக் வெட்டுவோம். மந்தையில் தொண்ணூற்றொன்பது என்றால் அன்றிரவு மேய்ப்பனுக்கு நித்திரை இல்லை. ஹெக்கத்தோனுக்குள் ஒளிந்திருந்த அந்த ஒன்று இங்கேதான் வெளியே வருகிறது.

ஐந்தாவதாக நாங்கள் கண்டது எங்களுக்கே புதியது. அப்போஸ்தலர் 1ஆம் அதிகாரத்தில் எருசலேமின் ஒரு மேல்வீட்டில் சீஷர்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்களோடு பெண்களும் இருந்தார்கள், இயேசுவின் தாய் மரியாளும் இருந்தார் என்று 14ஆம் வசனம் சொல்கிறது. அடுத்த வசனத்தில் கூடியிருந்தோர் தொகை ஏறக்குறைய நூற்றிருபது. அங்கே கிரேக்கத்தில் 'நூற்றிருபது மனிதர்' என்று இல்லை. 'பெயர்களின் கூட்டம்' என்று இருக்கிறது. ஆட்களைப் பெயர்கள் என்று சொல்வது அக்காலக் கிரேக்கத்தில் இருந்த ஒரு வழக்கு. வெளிப்படுத்தின விசேஷத்திலும் அது வருகிறது. பழைய ஆங்கில வேதாகமம் இதனைப் பெயர்கள் என்றே மொழிபெயர்த்தது. இப்போது வரும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல அந்தச் சொல்லை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் சொல்கின்றன.

தமிழிலே என்ன செய்கிறோம்? நூற்றிருபது 'பேர்' என்கிறோம்! பேர் என்றால் பெயர். எத்தனை பேர், பத்துப் பேர், நூறு பேர் என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறோம். தமிழில் மனிதர்களைத் தலைகளாக எண்ணுவதில்லை, பெயர்களாக எண்ணுகிறோம். இத்தனை வருடம் பேசியும் இதனை நாங்கள் கவனித்ததில்லை. ஒரு கிரேக்க வசனம் வந்துதான் எங்கள் சொந்த மொழியை எங்களுக்குக் காட்டித் தந்தது.

தோட்டத்திலிருந்து வந்த தங்கைமாருக்கு இந்தப் 'பேர்' இன்னும் ஆழமாகத் தெரியும். காலையில் பிரட்டுக் களத்தில் நின்று செக்ரோலில் பதிந்தால்தான் அன்றைய பேர். குறித்த அளவு கொழுந்து நிறுவையில் வராவிட்டால் அரைப் பேர். ஒரு முழு மனுஷி நாள் முழுவதும் மலையில் நின்றுவிட்டு, மாலையில் அரைப் பேரோடு வீட்டுக்கு வருவாள். எண்ணிக்கை என்பது வெறும் கணக்கு அல்ல, அதிலே ஒருவருடைய சோறும் மானமும் இருக்கிறது என்பதை எங்கள் அம்மாமார் கிரேக்கம் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

பெண்களுக்கு இந்த எண்ணிக்கையில் ஒரு பழைய வழக்கும் உண்டு. ஐந்து அப்பம் இரண்டு மீன் கதையில் மக்களை நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் வரிசையாக உட்காரவைத்தார்கள் என்று மாற்கு 6ஆம் அதிகாரம் சொல்கிறது. அங்கேயும் ஹெக்கத்தோன்தான். சாப்பிட்ட ஆண்கள் ஏறக்குறைய ஐயாயிரம். மத்தேயு 14ஆம் அதிகாரம் அதோடு, பெண்களும் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் இல்லை என்று சேர்த்துக்கொள்கிறது. அவர்களும் புல்லில் உட்கார்ந்தார்கள், அவர்களும் சாப்பிட்டார்கள், ஆனால் தொகையில் இல்லை. அப்படியிருக்க, மேல்வீட்டுக் கூட்டத்தில் பெண்கள் இருந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த வசனத்திலேயே பெயர்களின் தொகையாக நூற்றிருபதைச் சொல்வது சிறிய காரியம் அல்ல. பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு கல்லூரி, அதில் படித்தவர்களுக்கென்று ஒரு சங்கம், அந்தச் சங்கத்துக்கு ஓர் அங்கத்துவப் பட்டியல் என்று எங்கள் முன்னோர் தொடங்கியபோது, கணக்கில் வராதவர்களைக் கணக்கில் எடுக்கத்தான் தொடங்கினார்கள்.

அன்பான சகோதரிகளே, இதுவரை சொன்னது சொல்லின் கதை. இனி எங்கள் கதை.

இந்த மலருக்காக 'நூற்றாண்டுக்கு நூறு பேர்' என்று ஒரு பகுதியைத் திட்டமிட்டோம். இக்கல்லூரியில் படித்துப் பெயர் பெற்ற நூறு பழைய மாணவிகள். வைத்தியர்கள், சட்டத்தரணிகள், அதிபர்கள், விரிவுரையாளர்கள், நிர்வாக சேவையில் இருப்பவர்கள். தொண்ணூற்றொன்பது பெயர்கள் விரைவில் வந்துவிட்டன. நூறாவது பெயருக்காக மூன்று கூட்டங்கள் நடந்தன. இருவருக்கிடையில் எங்களால் முடிவெடுக்க முடியவில்லை. கொஞ்சம் சூடாகவும் பேசினோம். தேநீர் ஆறியது.

மூன்றாவது கூட்டத்தில், அதுவரை பேசாமல் இருந்த எங்கள் மூத்த அக்கா ஒருவர் பழைய சேர்விடாப்பைத் திறந்தார். எழுபதுகளின் ஒரு பக்கம். ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே, கல்லூரியை விட்டு விலகிய காரணம் என்ற நிரலில் ஒரே ஒரு சொல்: இந்தியா. அதற்குக் கீழே சில வரிகள் தள்ளி இன்னொரு பெயர். அங்கும் அதே சொல். "இவள் எனக்குப் பக்கத்தில் இருந்தவள். கலஹாப் பக்கத்துத் தோட்டம். கணக்கில் எப்போதும் எனக்கு மேலே. இவளை எந்தப் பட்டியலில் போடப் போகிறீர்கள்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருந்த வரலாற்றை இளைய தங்கைமாருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேர் என்று ஒரு மதிப்பீடு. அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிகுதியையும் சரிபாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். கவனித்தீர்களா, எல்லாமே முழு எண்கள். எந்தத் தொகையும் ஏழு பேரிலோ மூன்று பேரிலோ முடியவில்லை. பெயர்களை எண்ணியிருந்தால் அப்படி முழுசாக வந்திருக்காது. தோட்டத்து மக்களிடம் எவரும் கேட்கவுமில்லை. நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003ஆம் ஆண்டு ஆகிவிட்டது.

இடையில் எத்தனையோ குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போயின. அங்கிருந்து கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரியோ வேறு எங்கோ. எங்கள் வகுப்புகளில் தவணை நடுவில் ஒரு கதிரை வெறுமையாகும். இரண்டு நாள் இடாப்பில் அந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள். மூன்றாம் நாள் சிவப்பு மையால் ஒரு கோடு. நாங்கள் பிள்ளைகள், மதிய இடைவேளையில் மறந்துபோனோம். 1983 ஆடிக்குப் பிறகு இன்னும் சில கதிரைகள் வெறுமையாகின. அந்த வருடங்களில் போனவர்கள் கனடாவில், இங்கிலாந்தில், தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். சிலரைத் தெரியும். பலரைத் தெரியாது.

இதிலே எவரையும் குற்றம் சாட்டவில்லை. குற்றம் என்றால் அது எங்களுடையது. நூறு வருடக் கணக்கைச் சொல்ல வந்த நாங்கள், உரோமைப் படையைப் போல, எண்பது பேரை நிறுத்திவைத்து நூறு என்று கூப்பிடப் பார்த்தோம்.

எனவே ஒரு முடிவுக்கு வந்தோம். 'நூற்றாண்டுக்கு நூறு பேர்' மலரில் வரும். தொண்ணூற்றொன்பது பெயர்களும் அவர்களது பணிகளும் அச்சாகும். அவர்களை நினைத்துப் பெருமைப்படுகிறோம், அவர்களில் ஒருவரையும் குறைக்கவில்லை. மந்தையில் இருந்த தொண்ணூற்றொன்பதும் ஒரு பிழையும் செய்யவில்லையே. நூறாவது இடத்துக்குப் போட்டியில் இருந்த இரண்டு அக்காமாரிடமும் விடயத்தைச் சொன்னோம். இருவரும் மனமுவந்து விலகிக்கொண்டார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. நூறாவது இடத்துக்குரிய பக்கத்தில் படமும் இல்லை, பட்டமும் இல்லை. கோடுகள் மட்டும் இருக்கும்.

அந்தக் கோடுகளில் நீங்கள் எழுத வேண்டும். இதுதான் உங்களிடம் கேட்பதாகச் சொன்ன காரியம். உங்கள் வகுப்பில் இடைநடுவில் போன ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். இந்தியாவுக்குப் போனவளாக இருக்கலாம். சம்பளம் கட்ட முடியாமல் நின்றவளாக இருக்கலாம். பதினாறு வயதில் கலியாணம் கட்டிக் கொடுக்கப்பட்டவளாக இருக்கலாம். தம்பிமாரைப் பார்க்க வீட்டில் நிறுத்தப்பட்டவளாக இருக்கலாம். நோயில் இறந்தவளாகவும் இருக்கலாம். சிங்களப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ தமிழ்ப் பிள்ளையோ, யாராக இருந்தாலும் சரி. பெயரை எழுதுங்கள். முழுப்பெயர் நினைவில்லாவிட்டால் நாம் கூப்பிட்ட பெயரை எழுதுங்கள். எந்த வகுப்பு, எந்த வருடம், எந்த ஊர் என்று தெரிந்ததை எழுதுங்கள். மலரில் உள்ள பக்கம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். அதன் பிரதி ஒன்றைச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். சேர்விடாப்போடு ஒப்பிட்டு ஒரு பதிவேடு எழுதத் தொடங்கியிருக்கிறோம். வெளிநாட்டிலுள்ள தோழிகளுக்கும் இதனை அனுப்பிவையுங்கள்.

எல்லோரையும் கண்டுபிடிப்போமா? மத்தேயுவின் அந்த 'ஆல்' எங்களுக்கும் உண்டு. கண்டுபிடித்தால். சிலர் தேடப்பட விரும்பாமலும் இருக்கலாம். அதையும் மதிக்க வேண்டும். அதனால்தான் எங்கள் மூத்த அக்காவின் தோழியின் பெயரை இந்த ஒலிபெருக்கியில் நாங்கள் சொல்லவில்லை. அவரைக் கேட்காமல் சொல்வது முறையல்ல. ஆனால் பதிவேட்டின் முதல் வரியில் அக்காவின் கையெழுத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் பதிவேட்டுக்கு முடிவு இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். நூறு முடிந்ததும் நூற்றொன்று வரும். அடுத்த நூற்றாண்டைக் கொண்டாடும் பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. அவர்கள் எங்கள் பதாகைகளைப் பார்க்கப் போவதில்லை, நாம் நட்ட மரங்களில் சிலவற்றைப் பார்க்கலாம். இந்தப் பதிவேட்டைத் திறந்தால், இவர்கள் எண்ணினார்கள், எண்ணியபோது குறைந்தவர்களைத் தேடினார்கள் என்று அறிந்துகொள்வார்கள்.

இந்த மண்டபத்தில் ஒவ்வொரு காலையும் எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார்கள். "உள்ளேன் டீச்சர்" என்று பதில் சொன்னோம். அப்போது அது ஒரு சடங்காகத் தெரிந்தது. ஒருத்தி பதில் சொல்லாவிட்டால் டீச்சர் தலையை நிமிர்த்தி அந்தக் கதிரையைப் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவளிடம் ஏன் வரவில்லை என்று கேட்பார். இன்று அந்தப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்கள் நாம்தான். கேள்வி எங்களிடம் வந்திருக்கிறது.

வாயிலில் இரண்டு மேசைகளில் கடதாசியும் பேனாவும் வைத்திருக்கிறோம். தேநீருக்கு முன் ஒரு பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.